தண்ணீர்க் கூண்டுகளுக்கு ஊற்றிய கஞ்சி

ஜுல்பிகர் பாயைப் பற்றி எங்கள் கல்லூரியில் யாரிடம் கேட்டாலும், "பாவம், நல்ல மனுசன்" என்பார்கள். இப்படிப் பாவம் பார்க்கிற கூட்டத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உச்சுக்கொட்டிவிட்டு நேரே கேன்டீனுக்குப் போய் இரண்டு பரோட்டாவை உள்ளே தள்ளுகிறவர்கள். அவரோடு பல வருடமாக ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவள் நான். நடந்தது என்னவென்று கூட இருந்து பார்த்தவளும் நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் முனீஸ்வரி. கோச்சடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, திருநகரைத் தாண்டியிருக்கிற ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளராகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டி, ஆராய்ச்சிக்காக வெள்ளெலிகள் வளர்க்கும் அறை ஒன்று உண்டு. காகிதத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர். எங்கள் வாயில் அது எலி ரூம். அங்கே கூண்டு கழுவி, உமி மாற்றி, தீனியும் தண்ணீரும் வைத்து, சாயங்காலம் பூட்டிச் சாவியை ஒப்படைக்கிற ஆள் ஜுல்பிகர் பாய்.

அவருக்கு ஊர் தெற்குவாசல். அவருடைய அத்தா நைனா முகமது அங்கே ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். மகன் தலையெடுத்ததும் கத்தியைக் கையில் கொடுத்துப் பார்த்தார், ஏசிப் பார்த்தார், இரண்டு அறைகூட வைத்துப் பார்த்தார். மகன் கத்தியைத் தொடவே இல்லை. ஆட்டைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அறுப்பதற்கு முன்னால் ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், கத்தியை அதன் கண்ணில் படவிடக் கூடாது, ஒன்றை அறுப்பதை இன்னொன்று பார்க்கக் கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்வாராம். அவர் பிடித்தால் ஆடு துள்ளாது என்று பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து கூப்பிட்டுப் போவார்களாம். அத்தா மௌத்தானதும் கடை தம்பி கைக்குப் போனது. இவர் யாரோ சொல்லி எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

கறிக்கடைக்குப் பயந்தவன் கடைசியில் எங்கே வந்து மாட்டினான் பார் என்று அப்போது நானே சிரித்திருக்கிறேன். எலி ரூமுக்குள் போகிற எலி எதுவும் உயிரோடு வெளியே வருவதில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் எல்லாவற்றையும் மயக்க மருந்து கொடுத்து முடித்து, உள்ளே மூட்டும் ஈரலும் எப்படி இருக்கிறது என்று வெட்டிப் பார்ப்போம். இது தெரிந்த அன்று பாய் பாதியிலேயே வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் வரவில்லை. ஓடிவிட்டார் என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் வந்து நின்று என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, அதுக படுற பாடு வீணாப் போகாதுல்ல? யாராச்சும் ஒரு மனுசனுக்கு உதவும்ல?"

"அதுக்குத்தானே பாய் செய்யிறோம்."

"அப்பச் சரி. நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை வருடம் அங்கே ஓட்டினார். ஒரு எலி செத்தாலும், நொண்டினாலும், அவர் மனதுக்கு அது ஒரு கணக்கில் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் தூங்குவார்.

அவர் மனைவி சபுராவுக்கு மூட்டுவாதம். வயதானால் வருகிற முட்டிவலி இல்லை, உடம்பே உடம்பைத் தின்கிற வாதம். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணிப் போயிருக்கும். காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாது. ஜாக்கெட் ஊக்கை மாட்ட முடியாது. பாய்தான் தலை பின்னிவிட்டு வேலைக்கு வருவார். ஒரு தடவை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது சபுரா என்னிடம் கேட்டார்.

"எனக்கு அல்லா குடுத்த நோவை, எலிக்கு நீங்களே வரவைக்கிறீங்களாமே? அதுக எந்தக் கோர்ட்டுல போயிக் கேக்கும்?"

பாய்தான் குறுக்கே விழுந்து, "உன்னய மாதிரி ஆளுகளுக்குத்தான் சபுரா" என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் பேசிக்கொண்டது தாமரைச்செல்வியின் ஆராய்ச்சியைப் பற்றி. செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவள், எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவர்கள் வயல் வரப்பில் நிற்கிற வாதநாராயண மரத்தின் இலையை வாதத்துக்கு அரைத்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த இலையின் சத்தைப் பிரித்தெடுத்து, உள்ளுக்குக் கொடுத்தால் மூட்டு வீக்கம் வற்றுகிறதா என்று எலிகளில் பார்க்க வேண்டும். அவள் அப்பா காளை டிவிஎஸ் வண்டியில் மூட்டை மூட்டையாக இலை கொண்டுவந்து இறக்கினார். நிழலில் காயவைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து வடித்ததில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று மிஞ்சியது. அதுதான் மருந்து.

மருந்து இருக்கட்டும், முதலில் நோய் வேண்டுமே. பின்னங்கால் பாதத்தில் ஓர் ஊசி. கொஞ்ச நாளில் உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பிக்கும். பூண்டுப் பல் அளவில் இருந்த பாதம் முழுப் பூண்டாக வீங்கிவிடும். எலி மூன்று காலில் நடக்கும். பிறகு தின்னக்கூட எட்டாமல் படுத்துக்கொள்ளும். தினம் அந்தப் பாதத்தைத் தண்ணீர்க் குழாயில் முக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து எழுதுவது என் வேலை. முக்கும்போது அது கத்தும். பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து பிடித்துப் பார்க்கட்டும்.

மொத்தம் முப்பது எலிகள், ஐந்து கூட்டம். ஒரு கூட்டத்துக்கு நோயே கிடையாது. ஒன்றுக்குக் கடையில் விற்கும் வலி மாத்திரை. இரண்டு கூட்டத்துக்கு இலை மருந்து, ஒன்றுக்குக் குறைவாக, ஒன்றுக்குக் கூடுதலாக. மீதி ஒரு கூட்டம் இருக்கிறதே, அதுதான் பாவப்பட்ட ஜென்மம். அதற்கு நோயும் உண்டு, மருந்தும் கிடையாது. மருந்துக்குப் பதிலாகத் தினம் வெறும் தண்ணீர் புகட்டுவோம். அவை நொண்டி நொண்டிக் கிடந்தால்தான், அவற்றோடு ஒப்பிட்டு மற்றவை எவ்வளவு தேறின என்று சொல்ல முடியும். அந்தக் கூண்டுகளை நாங்கள் தண்ணீர்க் கூண்டுகள் என்று சொல்வோம்.

மருந்து வெறும் வயிற்றில் இறங்கினால்தான் பிடிக்கும் என்பது எங்கள் பேராசிரியரின் பிடிவாதம். அதனால் தினம் பொழுது சாயும்போது எல்லாக் கூண்டிலும் தீனியை எடுத்துவிட வேண்டும். காலையில் மருந்து கொடுத்த பிறகு திரும்ப வைக்கலாம். எலி என்பது இருட்டில் மேய்கிற பிராணி. அதற்குப் பசியெடுக்கிற நேரம் பார்த்துத் தட்டைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய கொடுமை! ஆனால் கேட்க நாம் யார்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தீனியைப் பிடுங்குகிற வேலை பாய் தலையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ரம்ஜான் மாதம் பிறந்தது.

சாயங்காலம் வேலை முடித்துத் தெற்குவாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நோன்பு திறக்கிற நேரம் தாண்டிவிடும். அதனால் பாய் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு சைக்கிளில் போய்ப் பக்கத்துப் பள்ளிவாசலில் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி வாங்கி வந்து வைத்துக்கொள்வார். அரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, பூண்டு, வெந்தயம், புதினா எல்லாம் போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி. அந்தக் கஞ்சிக்கு ஒரு முறை உண்டு. பாத்திரத்தோடு வந்து நிற்கிறவனை நீ யார், என்ன சாதி என்று கேட்கிற வழக்கம் கிடையாது. நானே சின்ன வயதில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்திருக்கிறேன். தினம் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிடுவார். நான் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு பாங்கு சத்தம் கேட்டதும் அவர் எலி ரூம் நடையில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் போடுவார். உள்ளே முப்பது எலிகளும் அப்போதுதான் தீனி போன தட்டைப் பிறாண்ட ஆரம்பித்திருக்கும்.

அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது கடைசி அளவு எடுத்து முடித்தோம். பேராசிரியர் அறையில் தாமரைச்செல்வி எண்களை எல்லாம் கணினியில் ஏற்றிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. இலை மருந்து சாப்பிட்டவற்றுக்கு வீக்கம் வற்றியிருந்தது, சரிதான். ஆனால் தண்ணீர்க் கூண்டு எலிகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வற்றியிருந்தது. தினம் அளக்கும்போதே அவற்றின் வீக்கம் இறங்குவது என் கண்ணில் பட்டதுதான், தானாக வற்றுகிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டேன். எடையும் குறையவில்லை. மருந்தே கொடுக்காததும் தேறிவிட்டது என்றால், மருந்தால் தேறியது என்று எந்த வாயால் சொல்வது?

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அளந்தது சரியாத்தானா?"

எனக்கு வந்ததே கோபம். "சார், ஒரு நாள் எங்கூட நின்னு பாத்துட்டு அப்புறம் கேளுங்க. என் கை அளந்தா அளந்ததுதான்" என்று கத்திவிட்டேன். தாமரைச்செல்வி மேசையில் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தாள். மூன்று வருட உழைப்பு. சத்தம் கேட்டு ஜுல்பிகர் பாய் கையில் விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு, ஏன் புள்ள அழுகுது?"

நான் விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர்க் கூண்டு எலிகளும் தேறிவிட்டன என்றதும் அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியவில்லை.

"அட, அதுக்கா அழுகுறீங்க தாமரைம்மா? நல்லதுதானே நடந்திருக்கு! எனக்கு அப்பவே தெரியும். நாலு நாள்லயே எந்திருச்சு நடக்க ஆரம்பிச்சிருச்சுக. அம்புட்டும் கஞ்சி செஞ்ச வேலை."

"என்ன கஞ்சி பாய்?" என்றாள் தாமரைச்செல்வி.

"நோன்புக் கஞ்சிதாம்மா. மருந்து குடிக்கிறதுக பக்கமே நான் போகல, சத்தியமா. அதுகளுக்கு வெறும் வயிறு வேணும்னு சார் சொல்லியிருக்காக. நோவு இல்லாததுக பசியப் பொறுத்துக்கிரும். இந்தத் தண்ணிக் கூண்டுகளுக்குத்தான் மருந்தே கிடையாதே, அதுக எதுக்கு வெறும் வயித்தோட கிடக்கணும்? நோன்பு தொறக்கையில பக்கத்துல ஒரு உசுரு நொண்டிக்கிட்டுப் பட்டினியா கெடந்தா எனக்குத் தொண்டையில எறங்குமா? ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்துவேன். வாசம் பிடிச்சு ஓடியாருங்க."

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். இந்த மனிதர் யோசித்துத்தான் இட்டிருக்கிறார். அவர் யோசனையில் ஒரு ஓட்டை சொல்லுங்கள் பார்ப்போம். மருந்துக்குத்தான் வெறும் வயிறு, மருந்து இல்லாததற்கு எதற்கு? எந்தத் தாயும் அப்படித்தானே யோசிப்பாள். மருந்து இல்லாத கூட்டமும் மற்றவை போலவே பட்டினி கிடந்து, மற்றவை போலவே எல்லாம் பட்டு, மருந்து ஒன்றில் மட்டும் வேறுபட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தீனியை எடு என்று மட்டும்தான் சொன்னோம்.

வீக்கம் வற்றியது இஞ்சியாலா, வெந்தயத்தாலா, வயிறு நிறைந்த எலி காலை நீட்டிப் படுத்து ஓய்வெடுத்ததாலா, யாருக்குத் தெரியும்? பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இனி இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை, முழுதையும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பாய்க்கு அது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தாமரைச்செல்விதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பாய் கேட்டுக்கொண்டே நின்றார். புரியப் புரிய அவர் முகத்திலிருந்த வெளிச்சம் இறங்கியது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"அப்ப அதுக இத்தன நாள் நொண்டுனது?"

அவள் தலை குனிந்துகொண்டாள். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். கேட்ட மனிதருக்கு ஒரு பதில் வேண்டாமா? நான்தான் சொன்னேன்.

"வீணாப் போச்சு பாய்."

"முப்பதுமா?"

"முப்பதும்தான்."

அவர் பேராசிரியரிடம் மெதுவாகக் கேட்டார். "சார், கணக்குல சேராதுன்னா இதுகள விட்டுரலாம்ல? வெட்டிப் பாக்க வேண்டியது இல்லையே. நான் வீட்டுக்குக் கொண்டுபோயி வளத்துக்கிறேன். மாடியில எடம் இருக்கு."

முடியாது. ஆராய்ச்சிக்கு எடுத்த எலியை வெளியே விட விதி இடம் கொடுக்காது. முப்பதையும் முடித்துவிட்டு, புது முப்பது வாங்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இதைப் பேராசிரியர் சொன்னபோதுதான் பாய்க்கு முழுசும் உறைத்தது.

"மறுபடி புதுசுகளுக்கு ஊசி போடணுமா? நான் கஞ்சி ஊத்துனதுனாலயா?"

பேராசிரியர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கூண்டுகளைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனோம். வழக்கம்போல் பாய் ஒவ்வொரு கூண்டின் மேலும் துணி போட்டார், ஒன்று போவதை மற்றது பார்க்காதபடி. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் காட்டினார். தண்ணீர்க் கூண்டுகளின் முறை வந்தது. அவர் துணியோடு குனிந்ததும் உள்ளே இருந்தவை எல்லாம் எழுந்து ஓடி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் துருத்தி அவர் கையை மோந்தன. நொண்டாமல் ஓடி வந்தன.

"கஞ்சின்னு நெனைக்குதுக" என்றார். துணியைப் போட்டு மூடி, அவரே தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, கழிவறையில் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு நோன்பு திறக்க அவர் கஞ்சி வாங்கப் போகவில்லை.

பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜரத்திடமும் போய்க் கேட்டிருக்கிறார். தெரியாமல் செய்ததற்கு மறுமையில் கேள்வி கிடையாது, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று அவர் நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"என்ட்டக் கேள்வி இல்லைன்னா சரி தங்கச்சி, சந்தோசம். செத்ததுகளுக்குப் பதிலு யாரு சொல்றது?" என்றார் என்னிடம். நான் என்ன, ஹஜரத்துக்கு மேல் படித்தவளா?

சபுராவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டாராம். அந்த அம்மா கோணிய விரலால் இவர் முழங்கையைத் தொட்டு, "நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன்" என்றாராம். அதைக் கேட்டு இவர் தேறுவார் என்று நினைத்திருப்பார் பாவம். இவர் அன்றைக்குத்தான் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதிருக்கிறார்.

பெருநாள் அன்று எங்கள் எல்லோருக்கும் விடுமுறை. மறுநாள் காவலாளி சொன்னார், பாய் முந்தின நாள் புதுச் சட்டையோடு வந்து, காலிக் கூண்டுகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக் கழுவிவிட்டுப் போனார் என்று.

அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பேராசிரியர் நியாயமானவர். நியாயமானவர்களிடம் மாட்டிக்கொண்டால் ஓடவும் முடியாது. வீட்டில் சபுராவின் மாத்திரைக்கும் ஊசிக்கும் இந்தச் சம்பளம்தான் வழி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்.

போன வாரம் புது எலிகள் வந்து இறங்கின. குட்டிப் பருவம் இப்போதுதான் தாண்டியவை, வெள்ளை வெளேரென்று, எதைப் பார்த்தாலும் மோந்து பார்த்துக்கொண்டு. ஊசி போடுகிற அன்று தாமரைச்செல்வி பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போங்க பாய். வேற யாரையாச்சும் பிடிக்கச் சொல்லிக்கிறேன்."

"வேற ஆளு பிடிச்சா துள்ளும்மா. துள்ளுனா ஊசி விலகிப் போயிரும். அப்புறம் ரெண்டு குத்து குத்தணும்" என்றார். "நானே பிடிக்கிறேன்."

துண்டில் சுற்றி, முகத்தை உள்ளங்கைக்குள் மறைத்து, பின்னங்காலை மட்டும் நீட்டிப் பிடித்தார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஒன்றுகூடத் துள்ளவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கி அடங்கியது, கை மட்டும் அசையவே இல்லை. அவர் பக்கம் பார்க்க முடியாமல் நான் மருந்துக் குப்பிகளை எண்ணுவது போலத் திரும்பி நின்று அழுதேன். எனக்கு வெட்கமில்லை, சொல்வதற்கென்ன.

எல்லாம் முடிந்து, எந்தக் கூண்டு எந்தக் கூட்டம் என்று அட்டை எழுதித் தொங்கவிட உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க பாய்."

"இதுல எதுக தண்ணிக் கூண்டுன்னு என்ட்டச் சொல்லீராதீங்க."

சரி என்றேன். அட்டைகளில் வெறும் எண்ணை மட்டும் எழுதித் தொங்கவிட்டேன். மருந்து கொடுக்க ஆரம்பித்துச் சில நாள் போனால் எந்தக் கூண்டு எது என்று எலிகளின் கால் வீக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அது அவருக்கும் தெரியும்.